குளக்கரை மரங்களை அகற்றிய குழு: பணி எப்படி இருந்தது?

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், கடைவீதிக்குப் பின்புறம் உள்ள குளத்தின் கரைகளிலும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சாஸ்தா காவிலும் (சாஸ்தாவுக்கு உரிய கோயில் காடு) மண்டிக் கிடந்த மரங்களை அகற்றித் தருவதற்காக, குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு மரம்வெட்டும் குழுவை அமர்த்தினோம். அந்தக் குழுவின் பணியைப் பற்றிய மதிப்பீடு இது. குழுவின் பெயரைச் சொல்லவில்லை. இதே வகையில் வேலை செய்யும் குழுக்கள் எல்லையின் இருபுறமும் பல உள்ளன, எதைப் பார்த்து ஒரு குழுவை அமர்த்த வேண்டும் என்பதுதான் படிப்பவருக்குப் பயன்படும். மதிப்பெண் கேட்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரைப் பணிக்கு ஐந்துக்கு நாலரை, காவுப் பணிக்கு ஐந்துக்கு இரண்டரை.

குளத்தைக் காப்பாற்ற மரத்தை வெட்டுவதா என்று ஊரில் பலரும் கேட்டார்கள். கேள்வி நியாயமானது என்பதால் பின்னணியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004-ஆம் ஆண்டு முதல் கேரளத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படாததால், கால்வாயை நம்பியிருந்த எங்கள் குளம் மழைநீருக்காக மட்டுமே காத்திருக்கும் நிலைக்கு வந்தது. நீர் பின்வாங்கிய தரை மாதக்கணக்கில் வெறுமனே கிடக்கும்போது அதில் விழும் விதைகள் வேர்பிடித்துத் தலைநிமிர்ந்துவிடுகின்றன. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் கரையிலிருந்த முதிர்ந்த புன்னையும் அயனி என்னும் காட்டுப்பலா மரங்களும் சாய்ந்தன. வெயில் விழத் தொடங்கிய அந்த வெற்றிடத்தை அகேசியாவும் சூபாபுல் என்ற தீவன மரமும் ஓரிரு ஆண்டுகளிலேயே பிடித்துக்கொண்டன. அகேசியாவின் தாயகம் ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூ கினியும் ஆகும். 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் கேரளத்தின் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் ஏராளமாக நடப்பட்ட அந்த மரம் எங்கள் பக்கத்துக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

அகேசியாவில் இலையாகத் தெரிவது உண்மையில் தட்டையாக விரிந்த இலைக்காம்பு. தடித்து முரடாக இருக்கும் அது எளிதில் மக்குவதில்லை. கோடையில் குளத்தின் வடகிழக்கு மூலையில் மண்வெட்டி போட்டுப் பார்த்தபோது முழங்கால் ஆழம்வரை கறுத்த இலைச்சேறே வந்தது. பாதி மக்கிய காம்புகளை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க முடிந்தது. அதற்கும் கீழேதான் குளத்தின் சாம்பல் நிறக் களி தென்பட்டது. இந்தச் சேறு அழுகும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் படித்துறையில் நின்றவர்கள் அடிக்கடி பார்த்திருக்கிறார்கள். நிழல் கவிந்த பகுதியில் ஆம்பல் முளைக்கவில்லை.

கரையின் கதை இதைவிடச் சிக்கலானது. உயிருள்ள வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். செத்த வேர் மக்கிய பிறகு அது இருந்த இடத்தில் ஒரு துளை எஞ்சும், அந்தத் துளை வழியே நீர் கசியத் தொடங்கினால் கரை உள்ளுக்குள்ளேயே அரிபடும். 2021 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்தபோது எங்கள் கரை உடையாமல் தப்பியது என்றாலும், புயலில் சாய்ந்த மரங்களின் மூடு (வேரோடு கூடிய அடிக்கட்டை) மக்கிப்போன இடத்துக்கு நேராகப் புறச்சரிவில் நீர் கசிந்து, இரவோடு இரவாக மணல் மூட்டை அடுக்க வேண்டியிருந்தது. ஆகவே எந்த மரத்தை வெட்டுவது, எந்த மூட்டைப் பிடுங்குவது, எதைத் தரையோடு அறுத்துவிட்டு அப்படியே விடுவது என்று மரத்துக்கு மரம் முடிவெடுக்கத் தெரிந்த ஆள்தான் எங்களுக்குத் தேவைப்பட்டார். மின்வாளும் ஜேசிபியும் வைத்திருப்பவர்கள் எங்கும் கிடைக்கிறார்கள்.

முதலில் வந்து பார்த்த வேறொரு ஒப்பந்ததாரர், ஒரு ரூபாய்கூட வேண்டாம், வெட்டிய தடியை எடுத்துக்கொண்டு கரையைச் சுத்தமாக்கித் தருகிறேன் என்றார். சங்கத்தில் பாதிப் பேருக்கு அது இனித்தது. அவர் வெட்ட வேண்டியவையாகச் சுட்டிக்காட்டிய மரங்களில் மறுகால் (குளம் நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் இடம்) அருகே நிற்கும் இரண்டு நீர்மருதுகளும் காவின் விளிம்பில் நிற்கும் ஒரு வேங்கையும் இருந்தன. விறகுக்கு மட்டுமே போகும் சூபாபுல் புதரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடியைக் கூலியாகப் பெறுபவரின் கண் தடியின் மேல்தான் இருக்கும். தவிர, பொதுக்குளத்து மரம் அரசின் சொத்து; அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், வெட்டிய தடியை வனத்துறை மதிப்பிட்ட விலையின் அடிப்படையில் ஏலம்தான் விட வேண்டும். எனவே அனுமதியைப் பேரூராட்சி வழியாகப் பெற்று, வேலைக்கான கூலியைச் சங்கமே தருவது, தடியில் குழுவுக்கு எந்தப் பங்கும் கிடையாது என்று முடிவு செய்தோம். இந்த நிபந்தனையைக் கேட்டதும் சிலர் விலகிக்கொண்டார்கள்; பாறசாலைக் குழு ஒப்புக்கொண்டது. இந்த மதிப்பீட்டில் ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

குழுவின் மேஸ்திரி வேலைக்கு முன்பாக ஒரு காலைப்பொழுது முழுவதும் கரையைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் தட்டி, ஓசையைக் கேட்டுவிட்டு, எட்ட நின்று சாய்வைப் பார்த்து, சிவப்பு வண்ணம் தடவினார். அகேசியாவுக்குத் தரையோடு ஒரு கோடு. சூபாபுல்லுக்குப் பெருக்கல் குறி. விட வேண்டியவற்றுக்கு ஒன்றும் இல்லை. காரணம் கேட்டபோது, அகேசியாவைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பத் தழைக்காது என்றும், சூபாபுல்லை எவ்வளவு தாழ்த்தி அறுத்தாலும் மூட்டிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும் என்றும் சொன்னார். இரண்டும் சரியான தகவல்கள். கரையின் உச்சியில் நின்ற ஒரு பெரிய அகேசியாவின் மூட்டையும் எடுத்துவிடலாமே என்று எங்கள் பொருளாளர் அண்ணாச்சி கேட்டதற்கு, "சாரே, இந்த மூட்டைப் பிடுங்கினா கரையும் கூடவே வரும், வேணும்னா வெயில் காலத்துல களி கொண்டுவந்து கையிருப்பு வெச்சிட்டுப் பிடுங்கலாம், இல்லேன்னா தொடவே கூடாது" என்றார். மலையாளமும் தமிழும் கலந்து அவர் பேசியதைத் தமிழாக்கியே எழுதியிருக்கிறேன்.

வெயில் காலம் என்று அவர் சொன்னதில் பொருள் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் எங்கள் மாவட்டத்தில், கரையில் கைவைக்கக்கூடிய காலம் சனவரி முதல் மார்ச் வரையிலான குறுகிய இடைவெளிதான். பேரூராட்சியின் அனுமதி பிப்ரவரியில் கைக்கு வந்ததும் வேலை தொடங்கியது.

மரம் சாய்த்த முறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து மின்வாள். இரண்டு வெட்டுகளும் சந்திக்கவிடாமல் நடுவில் ஒரு பட்டையளவு மரத்தை அறுக்காமல் விட்டார்கள். கதவு கீலில் திரும்புவதுபோல மரம் அந்தப் பட்டையின் மேல் திரும்பி, குறித்த இடத்தில் படுத்தது. நீரின் பக்கம் சாய்ந்திருந்த மரங்களை அப்படிச் சாய்க்காமல், ஒருவர் மேலே ஏறிக் கிளைகளைக் கயிற்றில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கிய பிறகே தண்டை அறுத்தார்கள். அதனால் குளத்துக்குள் கிளையோ தழையோ விழவில்லை. மின்கம்பிக்கு அருகே நின்ற மரங்களை வெட்டிய இரண்டு பகல்களிலும் மின்வாரியத்திடம் முன்கூட்டியே சொல்லி இணைப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏறியவர் தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் அணிந்திருந்தார். கீழே நின்றவர்களில் இருவர் வெறும் செருப்போடுதான் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் விபத்து கீழே நிற்பவருக்கும் நேரலாம்.

மூட்டைப் பிடுங்கிய இடங்களில் செய்த வேலையைத்தான் நான் அதிகம் மெச்சுகிறேன். இயந்திரத்தால் மூட்டை அசைத்து எடுத்த பின், குழியின் ஓரங்களில் தொங்கிய வேர்களை மண்வெட்டியால் சுத்தமாக அறுத்தெடுத்து, ஒரு சாண் கனத்துக்குக் களிமண் பரப்பி, தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு என்று குழி கரையின் மட்டத்துக்கு வரும்வரை செய்தார்கள். இயந்திரத்தின் வாளியால் மண்ணைத் தள்ளி மேலே ஒருமுறை ஓட்டிவிட்டுப் போயிருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் தகுதியும் எங்களில் ஒருவருக்கும் கிடையாது. ஜூன், ஜூலை மாத மழையில் குளம் மறுகால் பாய்ந்தபோது புறச்சரிவில் ஈரம்கூடத் தெரியவில்லை.

சேற்றை அள்ளும்போது பால் ஆமைகள் சில அகப்பட்டன. வறண்ட காலத்தில் இவை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்திருந்ததால், இயந்திரத்தின் வாளிக்கு முன்னால் ஒருவரை மண்வெட்டியோடு நிறுத்தியிருந்தார். அகப்பட்ட ஆமைகளை ஈரச் சாக்கு விரித்த பெயிண்ட் வாளியில் போட்டு, நீர் எஞ்சியிருந்த மேற்கு மூலையில் கொண்டுபோய் விட்டார்கள். பால் ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். கறிக்காகப் பிடிப்பது இங்கே இன்னும் நடக்கிறது. அந்த வாளியை ஏக்கத்தோடு பார்த்த ஓரிருவரின் பெயரை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

காவுக்கு வருகிறேன். பூசைப் பொறுப்பில் உள்ள குடும்பத்தின் பெரியவர், உள்ளே நடப்பட்டிருந்த மகாகனிகளையும் புதரையும் மட்டும் எடுக்கலாம், மற்ற மரத்தில் ஒரு கொம்பும் ஒடியக்கூடாது என்று அனுமதி தந்திருந்தார். முதல் கட்டத்தில் மேஸ்திரியே உடனிருந்து, மைக்கேனியாக் கொடி மூடி மூச்சுமுட்டிக் கிடந்த ஏழிலைப்பாலை, காஞ்சிரம், இலஞ்சி ஆகியவற்றை விடுவித்தார். கொடியை மேலிருந்து இழுத்தால் கிளை ஒடியும் என்பதால், அடியில் அறுத்து, மேலே இருப்பது காய்ந்து தானாக உதிரும்படி விட்டுவிட்டார்கள். பார்ப்பதற்குச் சில வாரம் அசிங்கமாக இருந்தது. ஆனால் முறை சரியானது. மகாகனிகளையும் ஒரே நேரத்தில் அனைத்தையும் சாய்க்காமல், பாதியை இந்த ஆண்டும் மீதியை மழைக்குப் பிறகும் என்று பிரித்துக்கொண்டார்கள். வெயில் திடீரென்று தரையில் கொட்டினால் உண்ணிச்செடிதான் முதலில் வரும்.

இரண்டாம் கட்டத்தில்தான் சிக்கல் வந்தது. மேஸ்திரிக்கு வேறு இடத்தில் வேலை இருந்ததால், அடிப்புதரைச் சீர்செய்ய நான்கு ஆட்களை மட்டும் அனுப்பினார். அவர்கள் நல்ல உழைப்பாளிகள், சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள். வினை அங்கேதான் இருந்தது. உண்ணிச்செடியை அறுத்துக்கொண்டே போனவர்கள், அதனடியில் நிழலுக்கு ஒதுங்கி முழங்கால் உயரம் வளர்ந்திருந்த அயனி, புன்னை, நாவல் கன்றுகளையும் சேர்த்து மொட்டையடித்துவிட்டார்கள். துணி கட்டி அடையாளம் வைத்திருந்த கன்றுகள் தப்பின, கட்டாதவை போயின. மாலையில் போய்ப் பார்த்தபோது காவின் தரை கல்யாண மண்டபத்துத் தரைபோலப் பெருக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒக்கியில் விழுந்த அயனிகளின் இடத்தை நிரப்ப வேண்டிய அடுத்த தலைமுறை அந்தக் கன்றுகள்தாம். காவு என்பது சருகும் கன்றும் கொடியும் கலந்து கிடக்க வேண்டிய இடம் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லும் பொறுப்பு அவர்களை அனுப்பியவருடையது. போதாக்குறைக்கு, மகாகனித் தடியை இழுக்கக் கட்டிய இரும்பு வடம் ஓர் இலஞ்சியின் பட்டையை ஓரடி நீளத்துக்கு உரித்துவிட்டது. மரத்துக்கும் வடத்துக்கும் நடுவே ஒரு பழைய டயர்த் துண்டை வைத்திருந்தால் போதும்.

சூபாபுல்லைப் பற்றிய ஒரு குறிப்பு. பிடுங்க முடியாத இடங்களில் மூட்டின் மேல் களைக்கொல்லி தடவலாம் என்று குழுவில் ஒருவர் யோசனை சொன்னார்; கிளைபோசேட் என்ற அந்தக் களைக்கொல்லியின் புட்டியும் வண்டியில் இருந்தது. மறுத்துவிட்டோம். கேரள அரசு 2019-இல் அதன் விற்பனையையும் பயன்பாட்டையும் தடைசெய்தது. பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று நடுவண் அரசு 2022-இல் அறிவிக்கை வெளியிட்டது. இதெல்லாம் இல்லாவிட்டாலும், குளிக்கவும் ஆட்டைக் கழுவவும் இறங்குகிற நீரின் ஓரத்தில் அதை ஊற்ற மனம் வராது. மாற்றாக மூட்டின் பட்டையை வேர்க்கழுத்துவரை உரித்துவிட்டு, துளிர் வரும்போதெல்லாம் ஒடித்துவிடுவது என்று பேசிக்கொண்டோம். பட்டையை உரித்தார்கள், துளிர் ஒடிக்க ஒருமுறைகூட வரவில்லை. அந்த வேலையைப் பக்கத்து வீட்டு ஆடுகள் ஏற்றுக்கொண்டன. சூபாபுல் தழை ஆட்டுக்கு நல்ல தீனி என்பதால் அவை மகிழ்ச்சியாகவே செய்கின்றன, நாங்கள் நட்ட நாவல் கன்றுகளையும் பாரபட்சமின்றிச் சேர்த்து.

கழிவு அகற்றியதில் பாதி திருப்தி. தடியைப் பருமன்வாரியாகப் பிரித்து, ஏலத்துக்கு அளக்க வசதியாகச் சாலையோரத்தில் அடுக்கித் தந்தார்கள். ஆனால் தழையும் சிறு கிளைகளும் மறுகால் வாய்க்காலின் ஓரத்திலேயே குவிக்கப்பட்டன. முதல் பெருமழையில் அவை வாய்க்காலுக்குள் சரிந்து, கடைவீதியின் பின்புறம் நீர் தேங்கியது. தொலைபேசியில் சொன்னதும் மறுநாளே ஆள் வந்து அள்ளிவிட்டார்கள் என்பதால் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

கூலியைப் பொறுத்தவரை, ஆட்களுக்கு நாள் கணக்கிலும் இயந்திரத்துக்கு மணிக் கணக்கிலும், நீரின் பக்கம் சாய்ந்த மரங்களுக்கு மட்டும் மரத்துக்கு இவ்வளவு என்றும் பேசினோம். இந்தப் பிரிப்பு நல்லது. மொத்தமாகப் பேசியிருந்தால் கயிற்றில் இறக்குவதற்குப் பதில் நீரில் சாய்த்துவிடும் ஆசை யாருக்கும் வரும். இயந்திரம் வந்து நிற்கும் நேரம், வேலை செய்த நேரம் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ள எங்கள் பக்கம் ஒருவரை நிறுத்துவது அவசியம். மக்கள் பங்களிப்போடு அரசின் நிதியும் சேரும் 'நமக்கு நாமே' திட்டத்தில் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே முறையான ரசீது கேட்டு வாங்குங்கள். இந்தக் குழு தந்தது தொகை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு. மூன்று முறை கேட்ட பிறகே வரி எண்ணோடு கூடிய ரசீது வந்தது.

கரை, மடை, நீரோர மரங்கள் ஆகியவற்றுக்கு இந்தக் குழுவை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். காவு, தோப்பு போன்ற இடங்களுக்கு அழைப்பதானால், மேஸ்திரி நேரில் நிற்கும் நாட்களில் மட்டுமே வேலை நடக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டியதற்கு அடையாளம் வையுங்கள், அடையாளம் இல்லாத எதையும் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்ததால்தான் துணி கட்டாத கன்றுகள் போயின. தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட கொள்கை, அயல் தாவரங்களை அகற்றுவதையும் வாழிடத்தை மீட்பதையும் ஒரே தலைப்பில்தான் சேர்த்துச் சொல்கிறது. மரம்வெட்டும் குழுக்களின் விலைப்பட்டியலில் இரண்டாவது பாதிக்கு இன்னும் ஒரு வரிகூடக் கிடையாது. கன்று நட்டு இரண்டு கோடைகள் பார்த்துக்கொள்வதற்கும் விலை சொல்லும் குழு ஒன்று எல்லையின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் எனக்குத் தெரிவியுங்கள்.

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை, வடகிழக்குப் பருவமழையிலும் கரை கசியாமல் நின்றால் தருவதாகச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறோம். மேஸ்திரி அதற்கு முணுமுணுக்காமல் ஒப்புக்கொண்டார். டிசம்பர் கடைசியில் மீதி மகாகனிகளை எடுக்க வரும்போது, அறுபட்டவற்றுக்கு ஈடாக அயனிக் கன்றுகளைத் தன் செலவில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆடு நுழையாமல் அவற்றைச் சுற்றி மூங்கில் கூண்டு போடும் செலவு யாருடையது என்பது மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.